சுருட்டிய பாய், குறைத்த பாய்

வாசகர் கேள்வி–பதில்

சென்ற இதழில், சிறு பாய்ப்படகுகளின் முன்பாயைக் கயிற்றால் இழுத்துச் சுருட்டும் ஃபர்லர் கருவியைப் பற்றி இரண்டு பத்திகள் மட்டுமே எழுதியிருந்தேன். கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் அதற்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று நான் நினைக்கவில்லை. பெரும்பாலான கடிதங்கள் ஒரே ஐயத்தையே சுற்றி வருகின்றன. அதனால் இந்த முறை வேறு கேள்விகளை ஒதுக்கிவிட்டு, ஃபர்லரையும் பாயின் பரப்பைக் குறைப்பதையும் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் விடை எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, எங்களுக்கு ஏற்காட்டில் சிறிய காப்பித் தோட்டம் இருக்கிறது. விடுமுறை நாட்களில் பழகுவதற்காகப் புதுச்சேரியில் 16 அடி நீளமுள்ள பழைய ஃபைபர் பாய்ப்படகு ஒன்றை வாங்கி அங்கேயே நிறுத்தி வைத்திருக்கிறோம். அதன் முன்பாயை ஒரு கயிற்றை இழுத்தே முழுவதும் சுருட்டிவிடலாம். காற்று மிகுந்த ஒரு பிற்பகலில், முன்பாயைப் பாதி சுருட்டி வைத்துக்கொண்டு கரை திரும்ப முயன்றோம். கீழ்ப்பகுதி சுருண்டது, மேல்பகுதி சுருளாமல் பை போல உப்பிக்கொண்டது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்ததே தவிர, காற்றை எதிர்த்து முன்னேறவில்லை. பாய் பழையதாகிவிட்டதா, அல்லது எங்கள் கையாளுதலில் தவறா?
— ஒரு வாசகர், ஒண்டிக்கடை, ஏற்காடு

பதில்: பாயின் மீதும் தவறில்லை, உங்கள் கையாளுதலும் தவறில்லை. உங்கள் படகில் இருப்பது பாயைச் சுருட்டி வைப்பதற்கான கருவி. அதை நீங்கள் பாயைக் குறைப்பதற்குப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். பார்வைக்கு இரண்டு கருவிகளும் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டிலும் அடியில் கயிறு சுற்றிய டிரம் இருக்கும், உச்சியில் ஸ்விவல் என்னும் சுழலும் இணைப்பு இருக்கும். விற்பவரும் இரண்டையும் ஃபர்லர் என்றே சொல்வார். வேறுபாடு அந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிறது.

நம் மொழியில் படுக்கும் பாய்க்கும் படகின் பாய்க்கும் பெயர் ஒன்றாக இருப்பது இந்த இடத்தில் மிகவும் உதவுகிறது. வீட்டில் ஒரு கோரைப்பாயை விரித்து, ஒரு முனையில் மட்டும் உட்கார்ந்துகொண்டு அந்த முனையை மட்டும் திருகிச் சுருட்டிப் பாருங்கள். உங்கள் கைப்பக்கம் மூன்று சுற்று முடிந்திருக்கும்போது எதிர்முனை ஒரு சுற்றுகூட முடித்திருக்காது. சுருள் கூம்பு வடிவமாகிவிடும். நடுவில் ஒரு மூங்கில் கழியை வைத்து அந்தக் கழியைத் திருப்பினால், ஒரு முனையிலிருந்து திருப்பினாலும் மறுமுனை கூடவே சுருளும். திருகும் விசையைக் கழி அப்படியே கடத்துவதுதான் காரணம்.

உங்கள் படகில் அந்தக் கழி இல்லை. பாயின் முன்விளிம்புக்குள் தைத்து வைத்த ஒரு மெல்லிய எஃகுக் கம்பிவடம் மட்டுமே இருக்கிறது. கம்பிவடம் இழுவிசையைத் தாங்குமே தவிர, முறுக்குவிசையைக் கடத்தாது. டிரம் ஐந்து சுற்று சுற்றும்போது, காற்று பிடித்து வைத்திருக்கும் மேல்பகுதி இரண்டு சுற்றே சுற்றியிருக்கும். மீதி மூன்று சுற்றும் கம்பியின் முறுக்கலாகவே நின்றுவிடும். பாயில் காற்று இல்லாதபோது அந்த முறுக்கல் தானே அவிழ்ந்து மேல்பகுதியும் சுருண்டுகொள்வதால், முழுவதுமாகச் சுருட்டி வைப்பதற்கு இந்த வகை நன்றாகவே உதவுகிறது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் வந்து, இன்றும் பழைய பாணிப் படகுகளில் காணப்படும் வைக்கம்-மார்ட்டின் கருவி இந்த இனத்தைச் சேர்ந்ததுதான். முழுவதும் விரி, அல்லது முழுவதும் சுருட்டு என்பதே அதன் நோக்கம். நடுவில் நிறுத்துவதற்காக அது செய்யப்படவில்லை.

கழி உள்ள வகை வேறு. அதில் பாய்மரத்தின் மேலிருந்து படகின் முன்முனையான அணியம் வரை இறங்கும் முன்கம்பியை உள்ளே வைத்து, அதன் மேல் நீண்ட அலுமினியக் குழல் ஒன்றைப் போட்டிருப்பார்கள். இதை ஃபாயில் என்பார்கள். குழலின் முதுகில் ஓடும் பள்ளத்தில் பாயின் முன்விளிம்பு நுழைந்து நிற்கும். டிரம் திரும்பும்போது குழல் முழு நீளத்துக்கும் சேர்ந்து திரும்புவதால் கீழும் மேலும் ஏறத்தாழ ஒரே அளவில் சுருளும். 1970-களிலும் 80-களிலும் இந்த வகை உலகெங்கும் பரவிய பிறகுதான், முன்பாயைப் பாதியில் நிறுத்திக்கொண்டு ஓட்டுவது சாதாரண மாலுமிக்கும் கைகூடியது. (சேர்வராயன் மலையில் வெட்டிய பாக்சைட் மேட்டூரில் அலுமினியமாக உருகிய காலத்தைப் பார்த்த ஊர்க்காரர்களுக்கு, ஓர் அலுமினியக் குழல் படகின் பாதுகாப்பை இவ்வளவு மாற்றியது என்று சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.)

உங்கள் படகில் இருப்பது எது என்பதைக் கரையிலேயே உறுதி செய்துகொள்ளலாம். காற்றில்லாத காலை வேளையில் பாயை ஏற்றிவிட்டு, டிரம்மைக் கையால் அரைச் சுற்று திருப்புங்கள். உங்கள் துணைவர் சற்றுத் தள்ளி நின்று உச்சி ஸ்விவலைப் பார்க்கட்டும். அதுவும் அந்தக் கணமே அரைச் சுற்று திரும்பினால் குழல் உள்ள வகை. தயங்கி, பிறகு துள்ளித் திரும்பினால் கம்பி வகை.

கம்பி வகையை வைத்துக்கொண்டு காற்று மிகுந்த நாளில் என்ன செய்வது என்பதே உங்களுக்கு வேண்டிய விடை. முதலில் பாய்மரத்துக்குப் பின்னால் இருக்கும் பெரிய பாயை ரீஃப் எடுங்கள். அதாவது அதைச் சற்று இறக்கி, அடிப்பகுதியை மடித்துக் கட்டிப் பரப்பைக் குறையுங்கள். அதுவும் போதவில்லை என்றால், முன்பாயை முழுவதும் சுருட்டிக் கட்டிவிட்டு, குறைத்த பெரிய பாயை மட்டும் வைத்து ஓட்டுங்கள். அப்போது படகின் மூக்கு காற்றை நோக்கித் திரும்பவே முயலும், சுக்கான் கனக்கும். படகின் அடியில் நீருக்குள் இறங்கி நிற்கும் நடுப்பலகையைக் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டால், தண்ணீருக்குள் படகைப் பிடித்திருக்கும் இடம் பின்னுக்கு நகர்ந்து அந்த இழுப்பு தணியும். முன்பாய் இல்லாத படகு திசை மாற்றும்போது நடுவில் நின்றுவிடும் இயல்புடையது. ஆகையால் திருப்புவதற்கு முன் நல்ல வேகம் பிடித்துக்கொள்ள வேண்டும். இதை மிதமான காற்றுள்ள ஒரு நாளில் பத்து முறையாவது செய்து பழகிவிட்டு, அதன் பிறகே பலத்த காற்றில் நம்பி இறங்குங்கள்.

இதை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் இருக்கிறது. நான் சென்னையில் பணியாற்றிய காலத்தில் வைத்திருந்த முதல் படகிலும் கம்பி வகைதான் இருந்தது. விற்றவர் அதைப் பாய் குறைக்கும் கருவி என்று சொல்லியே கொடுத்தார். துறைமுகத்துக்கு வெளியே பிற்பகல் கடற்காற்று வலுத்தபோது, உங்களைப் போலவே நானும் பாதி சுருட்டினேன். மேலே உப்பிய துணிப்பை படகைச் சாய்த்த சாய்ப்பில் உடன் வந்த தம்பி தண்ணீரில் விழுந்தான். உயிர்காப்புச் சட்டை அணிந்திருந்ததால் மிதந்தான். அவனை மீண்டும் ஏற்றிக்கொள்ளக் கால் மணி நேரம் ஆயிற்று. அந்தக் கால் மணி நேரம் வேறு யாருக்கும் வரக்கூடாது.

கேள்வி: மேட்டூரில் பரிசல் பார்த்து வளர்ந்தவன் நான். இப்போது சென்னையில் நண்பரின் 20 அடிப் படகில் துணைக்குப் போகிறேன். அதில் அலுமினியக் குழல் உள்ள ஃபர்லர் இருக்கிறது. எவ்வளவு தூரம் சுருட்டலாம்? சுருட்டிய பிறகு பாய் பின்விளிம்பில் படபடவென்று அடித்துக்கொள்கிறது. அதற்கு என்ன செய்வது?
— ஒரு வாசகர், மேட்டூர் அணை

பதில்: முதலில் ஒரு கணக்கைச் சொல்கிறேன், ஏனென்றால் பலரும் தேவைக்கு மேல் சுருட்டிவிடுகிறார்கள். முன்பாய் ஒரு முக்கோணம். அதன் முன்விளிம்பிலிருந்து உள்நோக்கிச் சுருட்டும்போது அகலமும் குறைகிறது, உச்சியின் குறுகிய பகுதி முழுவதும் சுருளுக்குள் போய்விடுவதால் உயரமும் குறைகிறது. ஆகவே பரப்பு இரட்டை வேகத்தில் இறங்குகிறது. அடிவிளிம்பு 2.4 மீட்டர் உள்ள பாயில் 40 சென்டிமீட்டர் மட்டும், அதாவது ஆறில் ஒரு பங்கு மட்டும் சுருட்டினால், மீதமிருப்பது ஆறில் ஐந்தின் வர்க்கம். ஏறத்தாழ 69 விழுக்காடு. கையளவு சுருட்டியதாகத் தோன்றும்போதே பாயில் முப்பது விழுக்காடு போய்விட்டது.

காற்றின் பக்கமிருந்தும் இதே வர்க்கக் கணக்குதான் வருகிறது. 10 நாட் (மணிக்கு 10 கடல்மைல்) காற்று 14 நாட் ஆகும்போது, கேட்பதற்கு நான்கு நாட்தான் கூடியிருக்கிறது. பாயின் மீதான அழுத்தமோ ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடுகிறது. மேட்டூரில் ஆடி மாதத்து மேல்காற்றில் பரிசல்காரர்கள் எவ்வளவு சீக்கிரம் கரையேறுகிறார்கள் என்பதை நீங்கள் சிறு வயதிலேயே பார்த்திருப்பீர்கள். அவர்கள் காற்று வலுத்த பிறகு முடிவெடுப்பதில்லை. ரீஃப் எடுப்பதும் அப்படித்தான். எடுக்கலாமா என்ற எண்ணம் மனத்தில் வந்த நேரமே எடுக்க வேண்டிய நேரம்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். குழல் உள்ள ஃபர்லரில் பரப்பின் முப்பது விழுக்காடு வரை குறைத்தால், பாய் ஓரளவு நல்ல வடிவத்தோடு காற்றை எதிர்த்து ஏறும். அதற்கு மேல் சுருட்டினால், பாயின் நடுவயிறு பருத்து, முன்விளிம்பில் தடித்த சுருள் நின்று, படகைச் சாய்க்கும் விசை கூடி, முன்னே இழுக்கும் விசை குறைந்துவிடும். பின்காற்றில் ஓடும்போது இது பெரிதாகத் தெரியாது; எதிர்காற்றில் ஏறும்போதுதான் தெரியும்.

நடுவயிறு பருப்பதற்கான காரணத்தை அம்மாப்பேட்டையில் தறி பார்த்தவர்களுக்கு எளிதாகச் சொல்லலாம். பாய் தட்டையான துணி அல்ல. அதன் நடுவில் குழிவு வரும்படி வெட்டித் தைத்திருப்பார்கள். நேரான குழலில் குழிந்த துணியைச் சுற்றினால், இரு முனையிலும் துணி சீக்கிரம் தீர்ந்துபோக, நடுவில் மட்டும் மிச்சம் நிற்கும். அந்த மிச்சத்தை விழுங்குவதற்காகத்தான் நல்ல பாய் தைப்பவர்கள் முன்விளிம்பின் நடுப்பகுதியில் நுரைப்பட்டையையோ, அடுக்கிய கயிறுகளையோ வைத்துத் தைக்கிறார்கள். முதல் சில சுற்றுகளில் நடுப்பகுதி தடிமனாக இருப்பதால், அங்கே ஒவ்வொரு சுற்றுக்கும் அதிகத் துணி உள்ளே போகிறது. உங்கள் நண்பரின் பாயில் அந்தப் பட்டை இருக்கிறதா என்று முன்விளிம்பை விரல்களால் அழுத்திப் பாருங்கள். இல்லையென்றால் பாய் தைப்பவரிடம் கொடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். அந்தச் செலவு வீண் போகாது.

துணியின் வேறொரு குணமும் இதில் சேர்கிறது. வேட்டியை நெடுக்காக இழுத்தால் நீளாது, குறுக்காக இழுத்தாலும் நீளாது. மூலைவாட்டில் இழுத்தால் உடனே நெகிழும். பாய்த்துணியும் நெய்த துணிதான். முழுப் பாய்க்கென்று மூலைகளில் மட்டும் வலுவூட்டித் தைத்த துணியை, சுருட்டிய நிலையில் பலத்த காற்றில் வைத்தால், வலுவூட்டிய கீழ்முனையும் மேல்முனையும் சுருளுக்குள் போய்விட, வலுவில்லாத நடுத்துணி மூலைவாட்டில் இழுபடும். இப்படி ஒரே ஒரு நாள் இழுபட்ட மெல்லிய பாய், பிறகு காற்று தணிந்த நாளிலும் பழைய வடிவத்துக்குத் திரும்புவதில்லை. அதனால்தான், கடும் காற்றில் ஓட்ட வேண்டியவர்கள் பெரிய முன்பாயைக் கைக்குட்டையளவு சுருட்டிக்கொண்டு போவதைவிட, கனமான துணியில் தைத்த சிறு முன்பாய் ஒன்றைத் தனியாக வைத்திருந்து கரையிலேயே மாற்றிவிடுவது நல்லது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

பின்விளிம்பு படபடப்பதற்குக் காரணம் ஷீட் கயிறு. நம் கடலோரத்தில் தாமான் என்று சொல்லும் அந்தக் கயிறு, பாயின் பின்மூலையிலிருந்து தளத்திலுள்ள கப்பிக்கு வருகிறது. பாயைச் சுருட்டும்போது பின்மூலை முன்னே போய்விடுகிறது. கப்பியோ பழைய இடத்திலேயே நிற்கிறது. அப்போது கயிறு அடிவிளிம்பை மட்டும் விறைப்பாக இழுக்க, பின்விளிம்பு தளர்ந்து படபடக்கும். மூலை 40 சென்டிமீட்டர் முன்னே போனால், கப்பியையும் கிட்டத்தட்ட அவ்வளவே முன்னே நகர்த்துங்கள். ஒவ்வொரு முறையும் ஊகித்துக்கொண்டிருக்காமல், பாயின் அடிவிளிம்பில் முதல் ரீஃபுக்கு ஓர் அடையாளத் துண்டும் அடுத்ததற்கு இன்னொன்றும் தைத்துவிட்டு, தளத்தில் கப்பி நகரும் தண்டவாளத்திலும் அதற்கு நேரான இரண்டு கோடுகளைப் போட்டுவிட்டால், இருட்டிலும் கை தானாகப் போகும்.

கேள்வி: சூரமங்கலத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். மைத்துனர் தம் சிறிய படகுக்கு ஃபர்லர் டிரம் ஒன்று செய்து தரச் சொல்கிறார். நம் ஊரில் கிடைக்கும் துருப்பிடிக்காத எஃகில் செய்யலாமா? டிரம்மில் எத்தனை மீட்டர் கயிறு கொள்ள வேண்டும்?
— ஒரு வாசகர், சேலம்

பதில்: டிரம்மைச் செய்யலாம். உச்சி ஸ்விவலையும், டிரம்முக்குக் கீழே வரும் டாகிள் என்னும் இருபுறமும் அசையும் இணைப்பையும் தயவுசெய்து பட்டறையில் செய்யாதீர்கள். டிரம் உடைந்தால் பாயைச் சுருட்ட முடியாமல் போகும், அவ்வளவுதான். டாகிள் உடைந்தால் முன்கம்பி அறுந்து பாய்மரமே சாய்ந்துவிடும். டாகிள் இல்லாமல் முன்கம்பியை நேராக அணியத்தில் பூட்டினால், பாய் இரு பக்கமும் அலைக்கும் ஒவ்வொரு முறையும் கம்பியின் அடிமுனை வளைந்து நிமிர்ந்து, வெளியே ஒன்றும் தெரியாமலே உள்ளிழைகள் ஒவ்வொன்றாக அறும்.

எஃகு வாங்கும்போது 304 தரம் என்று கேட்காமல் 316 தரம் என்று கேட்டு வாங்குங்கள். இரண்டும் பளபளவென்றுதான் இருக்கும். 316-இல் இரண்டு முதல் மூன்று விழுக்காடு மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் அது உப்புநீரைத் தாங்கும். 304 கடற்காற்றில் சில வாரங்களிலேயே பழுப்புக் கறை பிடித்து, திருகுகளின் அடியிலும் இடுக்குகளிலும் குழி விழத் தொடங்கும். அலுமினியக் குழலோடு எஃகுத் திருகு நேரடியாகத் தொட்டால், உப்புநீர் நடுவே நின்று மின்கலம் போல வேலை செய்து அலுமினியத்தைத் தின்றுவிடும்; தொடும் இடங்களில் எல்லாம் நைலான் வளையமும் உலோகங்களைப் பிரிக்கும் பசையும் வேண்டும். டிரம்மின் கூர்மையான விளிம்புகளை நன்றாக உருட்டிவிடுங்கள், இல்லையென்றால் அதுவே கயிற்றை அறுக்கும் கத்தியாகும்.

கயிற்றை மீட்டரில் கணக்கிடுவதைவிடச் சுற்றில் கணக்கிடுங்கள். குழல் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அத்தனை சுற்றுதான் டிரம்மும் சுற்றும். அடிவிளிம்பு 2.4 மீட்டரும் குழல் விட்டம் 25 மில்லிமீட்டரும் என்றால், சுருள் பருத்துக்கொண்டே போவதையும் சேர்த்து 20 முதல் 22 சுற்றுகள் தேவைப்படும். பாய் முழுவதும் சுருண்ட பிறகு ஷீட் கயிறுகளும் அதன் மேல் மூன்று நான்கு முறை சுற்றிக்கொண்டால்தான் காற்று அதை அவிழ்க்காது. பலத்த காற்றில் பாய் இன்னும் இறுக்கமாகச் சுருண்டு கூடுதல் சுற்று கேட்கும் என்பதையும் மனத்தில் கொண்டு 28 சுற்றாவது வையுங்கள். 50 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள டிரம்மில் 6 மில்லிமீட்டர் கயிறு 28 சுற்றுக்கு ஆறரை மீட்டரை ஒட்டி வரும். அதற்குமேல் டிரம்மிலிருந்து ஓட்டுபவர் கை வரை வரும் நீளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மெல்லிய கயிறாக இருந்தால் டிரம் சிறியதாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பலத்த காற்றில் ஈரக் கையால் இழுக்கும்போது 4 மில்லிமீட்டர் கயிறு உள்ளங்கையை அறுக்கும்.

கேள்வி: சென்னையில் பயிற்சி வகுப்பில் பாய்ப்படகு ஓட்டக் கற்றவள் நான். ஒருமுறை ஃபர்லர் பாதியிலேயே சிக்கிக்கொண்டது. பயிற்சியாளர், பலமாக இழுக்காதே என்று தடுத்தார். ஆனால் காரணத்தை விளக்க அப்போது நேரமில்லை. ஏன் இழுக்கக் கூடாது?
— ஒரு வாசகி, ஆத்தூர்

பதில்: உங்கள் பயிற்சியாளர் சரியான நேரத்தில் தடுத்திருக்கிறார். சிக்கினால் முதலில் கீழே பாருங்கள், பிறகு மேலே பாருங்கள். சிக்கல் பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில் ஒன்றில்தான் இருக்கும்.

கீழே என்றால் டிரம்மில். பாயை விரிக்கும்போது சுருட்டும் கயிற்றை அப்படியே விட்டுவிட்டால், பாய் காற்றின் விசையில் சடாரென்று விரிய, கயிறு டிரம்மில் தளர்வாகவும் ஒன்றின் மேல் ஒன்றாகவும் ஏறிச் சுற்றிக்கொள்ளும். மறுபடி இழுக்கும்போது மேல்சுற்று கீழ்ச்சுற்றுகளுக்கு நடுவே புதைந்து இறுகும். ஆகவே விரிக்கும்போதும் ஒரு கை அந்தக் கயிற்றைப் பிடித்தே இருக்க வேண்டும். கடைசிக் கப்பியிலிருந்து டிரம்முக்குப் போகும் கயிறு, முன்கம்பிக்குச் செங்குத்தாக, டிரம்மின் நடு உயரத்தில் போய்ச் சேருமாறு கப்பியை அமைத்தால் இந்தத் தொல்லை பாதி குறையும். அதேபோல் சுருட்டும்போது ஷீட்டை முழுவதும் தளர்த்திவிடாமல் லேசான இழுப்போடு விட வேண்டும்; அப்போதுதான் சுருள் இறுக்கமாக வரும்.

மேலே இருக்கும் சிக்கல்தான் ஆபத்தானது. பாயை உச்சிக்கு ஏற்றும் ஹாலியார்ட் கயிறு, உச்சி ஸ்விவலின் மேல்பாதியைப் பிடித்திருக்கிறது. ஸ்விவலின் கீழ்ப்பாதி பாயோடு சேர்ந்து சுழல்கிறது. ஹாலியார்ட் முன்கம்பியோடு ஒட்டி இணையாகப் போனால், மேல்பாதியை அசையாமல் பிடித்துவைக்கும் பக்க இழுப்பு அதற்கு இருக்காது. மேல்பாதியும் கூடச் சுழன்று, ஹாலியார்ட் குழலைச் சுற்றி மலைப்பாம்பு போல இறுகிவிடும். இதைத் தெரியாமல் கீழே பலமாக இழுத்தால், ஹாலியார்ட் அறும், அல்லது குழல் முறுக்கிக்கொள்ளும், அல்லது முன்கம்பியின் இழைகளே பிரியும். அப்படிச் சுற்றிய கம்பி ஹாலியார்ட் ஒன்றை நான் இறக்கிக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். ஒரு சாண் நீளத்துக்கு அது ஸ்க்ரூ போலத் திருகிப் போயிருந்தது. உடைந்த மெல்லிய இழைகள் முள்ளாக நின்று, துடைத்த துணியைக் கிழித்தன. அதற்கு முந்தைய வாரம்தான் அந்தப் படகில் குடும்பத்தோடு போய் வந்திருந்தார்கள்.

சிக்கியது தெரிந்தால், ஓரிரு சுற்று பின்னோக்கி அவிழ்த்து மீண்டும் மெதுவாகச் சுருட்டிப் பாருங்கள். படகைப் பின்காற்றில் திருப்பி, பெரிய பாயின் நிழலில் முன்பாயை வைத்துக்கொண்டால் காற்றின் விசை குறைந்து பாதி வேலை எளிதாகும். கரையேறிய பிறகு, ஹாலியார்ட்டுக்கும் முன்கம்பிக்கும் இடையில் 10 பாகை அளவாவது கோணம் வரும்படி மாற்றியமைக்கச் சொல்லுங்கள். பாய் உயரம் குறைவாக இருந்து ஸ்விவல் தாழ்ந்து நின்றால், பாயின் உச்சிக்கும் ஸ்விவலுக்கும் நடுவே ஒரு துண்டுக் கம்பியைச் சேர்த்து ஸ்விவலை மேலே ஏற்றிவிடலாம்.

கேள்வி: ஒருவரே ஓட்டும் சிறு படகான லேசரில் முன்பாயே இல்லையே, அதில் காற்று மிகுந்தால் எப்படிக் குறைப்பார்கள்?
— ஒரு மாணவர், ஓமலூர்

பதில்: லேசரின் பாய் உறை போலப் பாய்மரத்தின் மேல் மாட்டப்படுவது. ஆகவே மரத்தையே ஒன்றிரண்டு சுற்று திருப்பி, பாயை அதன் மேல் சுற்றிவிட்டுப் பரப்பைக் குறைக்கலாம். மரமே அங்கே குழலாகிவிடுகிறது. போட்டிகளில் இப்படிச் செய்வதில்லை. எடை குறைந்தவர்களுக்குச் சிறிய பாயுள்ள ரேடியல் இருக்கிறது. சென்னையைச் சேர்ந்த பாய்ப்படகு வீராங்கனை நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓட்டியது அந்த ரேடியல்தான்.

கேள்வி: முதல் கேள்வியைப் போலவே நாங்களும் ஏற்காட்டில் இருக்கிறோம். கடலுக்குப் போகாத மாதங்களில் முன்பாயைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறோம். பனிமூட்ட மாதங்கள் முடிந்து பிரித்தால் கறுப்புப் புள்ளிகள். படகிலேயே சுருட்டி விட்டுவைப்பது மேலா?
— ஒரு வாசகி, ஏற்காடு

பதில்: படகிலேயே விட்டுவைக்காதீர்கள். சுருண்ட பாயின் வெளிச்சுற்று நாள் முழுவதும் வெயிலைத் தாங்குகிறது. அதற்காகவே பின்விளிம்பிலும் அடிவிளிம்பிலும் வெயில் தாங்கும் தனித் துணியைப் பட்டையாகத் தைத்திருப்பார்கள். சுருட்டும்போது அந்தப் பட்டை வெளிப்பக்கம் வருகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். டிரம்மில் கயிற்றை மாற்றிச் சுற்றிவிட்டால் பாய் எதிர்த்திசையில் சுருண்டு, பட்டை உள்ளேயும் பாய் வெளியேயும் போய்விடும். இந்தத் தவறைப் பல படகுகளில் பார்த்திருக்கிறேன். பட்டை இருந்தாலும், மாதக்கணக்கில் ஆளில்லாத படகில் சுருட்டிய பாயை வைப்பது ஒரு புயல் சின்னத்துக்கு அழைப்பு. சுருளின் ஒரு மூலை அவிழ்ந்தால் போதும், விடிவதற்குள் பாய் நாராகிவிடும்.

கறுப்புப் புள்ளிகள் பூஞ்சை. பாலியெஸ்டர் நூலைப் பூஞ்சை தின்னாது. துணியில் தங்கிய அழுக்குதான் அதற்கு உணவு, ஈரம்தான் அதை வளர்ப்பது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் என்பதால், கழுவாமல் மலையேறிய பாய் ஏற்காட்டுப் பனியில் ஒருநாளும் காய்வதில்லை. கடற்கரையிலேயே நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் முழுவதும் உலர்த்திய பிறகே சுருட்டுங்கள். வந்துவிட்ட புள்ளிகளுக்கு மிதமான சோப்பும் மெல்லிய தூரிகையும் போதும். நீர்த்த ப்ளீச்சைப் பாலியெஸ்டர் தாங்கும், நைலான் தாங்காது. உங்கள் பாய் எது என்பது உறுதியாகத் தெரியாவிட்டால் ப்ளீச்சைத் தொடவேண்டாம். பாயைச் சதுரமாக மடிக்காமல் நீளச் சுருளாக்கி, சுவரோடு ஒட்டாமல், அடுப்புச் சூடு இலேசாக எட்டும் அறையின் பரணில் வையுங்கள். எலி ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுருட்டும் முன் முன்விளிம்பு முழுவதையும் ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள். நூல் பிரிந்த இடம், தேய்ந்த இடம் எல்லாம் உலர்ந்த துணியில்தான் கைக்குத் தெரியும், அடுத்த பருவத்துக்குள் தைத்துக்கொள்ளவும் நேரம் இருக்கும்.